போக்கியமும் பதினொரு மாதமும்: ராமாபுரம் வட்டாரத்துச் சிறு உரிமையாளர்களின் ஒப்பந்தங்கள், கட்டணங்கள், சட்டச் சிக்கல்கள்

1. களம்

ராமாபுரம் இன்று சாமராஜநகர் மாவட்டத்தின் ஹனூர் வட்டத்தில் உள்ள ஊர். 1997 ஆகஸ்டில் அந்த மாவட்டம் பிரியும்வரை அது மைசூரு மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்னால், 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றி வரையப்படும்வரை, கொள்ளேகாலம் வட்டாரம் முழுவதும் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே இங்குள்ள ஒரு பழைய குடும்பத்தின் பெட்டியைத் திறந்தால், தாத்தா காலத்துப் பத்திரம் ஒரு நிர்வாகத்தின் முறையிலும், அப்பா பெயருக்கு மாறிய பஹணி என்னும் நில உரிமைப் பதிவு இன்னொரு நிர்வாகத்தின் முறையிலும் இருக்கக்கூடும். வீட்டில் பேசுவது தமிழ். கையெழுத்துப் போடுவது கன்னடப் பத்திரத்தில். நிலத்தையும் வீட்டையும் பற்றிய எந்தச் சட்டக் கேள்வியும் இந்த ஊரில் இந்தப் பின்னணியோடுதான் எழுகிறது.

இங்கே சிறு உரிமையாளர் என்று நான் சொல்வது, வெளியூர் வேலையில் சேர்த்த பணத்தில் கட்டிய ஒன்றிரண்டு வாடகை வீடு, தெருவோரக் கடை ஒன்று, கொஞ்சம் புன்செய், மைசூரு நகரின் ஓரத்தில் வாங்கிப்போட்ட ஒரு சைட்டு என்ற அளவில் சொத்து உள்ளவரை. அவருக்கென்று நிரந்தர வக்கீல் கிடையாது. பத்திரம் எழுதுபவரும் புரோக்கரும் சொல்வதே அவருக்குச் சட்டம். வாடகை வராமல் போவதைப் பற்றித்தான் அவர் பயப்படுகிறார். ஆனால் வழக்கு என்று வரும்போது அவரைக் கைவிடுவது பெரும்பாலும் அவரே எழுதிக்கொடுத்த காகிதம்தான். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிப்பதற்காகப் பாதியாக எழுதப்பட்ட காகிதம் அது. அப்படி எழுத வைப்பதில் கட்டண அமைப்புக்கே பெரும் பங்கு உண்டு என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

2. எந்தச் சட்டத்தின் கீழ்?

வாடகைச் சட்டம் என்றவுடன் பலரும் நினைப்பது, வாடகைதாரரை அசைக்கவே முடியாது என்ற பழைய காலத்தை. 1961ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த கர்நாடக வாடகைச் சட்டம், 1999, 2001 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் ஆட்சி எல்லை மிகக் குறுகியது. அட்டவணையில் சொன்ன ஊர்களில் மட்டும் செல்லும். அங்கேயும், ஊரின் தரத்தைப் பொறுத்து மாத வாடகை 3,500 அல்லது 2,000 ரூபாயைத் தாண்டிய குடியிருப்புகளுக்குச் செல்லாது. கடை, கிடங்கு போன்றவற்றில் 14 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புள்ளவையும் வெளியேதான். கால் நூற்றாண்டுக்கு முன் எழுதிய தொகை அது. மைசூருவில் இன்று இரண்டு அறை வீடு எதுவும் அந்த வாடகைக்குக் கிடைக்காது.

விளைவு என்னவென்றால், நகரத்து வீடுகளில் மிகப் பெரும்பாலானவையும், ராமாபுரம் போன்ற கிராமத்து வீடுகளும், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்தச் சட்டம் வீட்டுக்காரர் பக்கமும் சாய்வதில்லை, குடியிருப்பவர் பக்கமும் சாய்வதில்லை. இருவரும் என்ன எழுதிக்கொண்டார்கள் என்று கேட்கிறது. ஆகவே இங்கே ஒப்பந்தம்தான் சட்டம் என்றே சொல்லலாம். ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது: அட்டவணை ஊரில் 14 சதுர மீட்டருக்குள் அடங்கும் சின்னக் கடையை வாடகைக்கு விட்டவர் இன்றும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் இருக்கிறார். அச்சட்டம் வரிசையாகச் சொல்லும் காரணங்களில் ஒன்றை நிரூபித்தால்தான் அவர் கடையைத் திரும்பப் பெற முடியும். ஆயிரம் சதுர அடி ஷோரூம் வைத்திருப்பவருக்கு இல்லாத கட்டுப்பாடு, பெட்டிக்கடை அளவு இடம் வைத்திருப்பவருக்கு இருக்கிறது.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகை முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ளது. எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும் என்று அது சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகை. மத்திய அரசு 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத முன்பணம் என்கிறது. ஈரோட்டிலோ அந்தியூரிலோ உறவினருக்கு நடந்ததைக் கேட்டு ராமாபுரத்தில் அதே விதி என்று நம்புவது ஆபத்து. உறவு எல்லை தாண்டும், சட்டம் தாண்டாது.

3. பதினொரு மாத அக்ரிமென்ட்

வாடகை அக்ரிமென்ட் ஏன் பதினொரு மாதத்துக்கு எழுதப்படுகிறது என்று கேட்டால், கிடைக்கும் பதில் பெரும்பாலும், "ஒரு வருஷத்துக்கு மேலே போனால் அவங்களுக்கு உரிமை வந்துரும்" என்பது. இது தவறு. காரணம் பதிவுச் சட்டம், 1908. ஆண்டுக்காண்டு தொடரும் வாடகை, ஓராண்டுக்கு மேற்பட்ட காலம், ஆண்டு வாடகையாகக் குறித்தது ஆகிய மூன்றையும் அது கட்டாயப் பதிவுக்கு உட்படுத்துகிறது. பதினொரு மாதம் அந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்கிறது. சப் ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போக வேண்டாம் என்பது மட்டுமே அதன் பயன்.

"பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு அவங்களுக்கே" என்ற பயத்துக்கும் சட்டத்தில் இடமில்லை. வாடகைதாரராக உள்ளே வந்தவர், அந்த நிலை தொடரும்வரை, தன்னை உள்ளே விட்டவரின் உரிமையை மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. இருபது ஆண்டு வாடகை கொடுத்துக் குடியிருந்தவரும் வாடகைதாரரே. ஆனால் பன்னிரண்டு என்ற எண்ணுக்கு வேறொரு இடம் உண்டு. வாடகை உறவு முறைப்படி முடிவுக்கு வந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுக்குள் உரிமையாளர் வழக்குத் தொடர வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டம். நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அதன்பின் வாடகையும் வாங்காமல், வழக்கும் போடாமல் வருடக்கணக்கில் சும்மா இருப்பவர்தான் பயப்பட வேண்டும்.

பதினொரு மாதம் முடிந்தபின் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. வாடகை வருகிறது, வாங்கிக்கொள்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது மாத வாடகையாகத் தொடர்கிறது. பதினைந்து நாள் நோட்டீசில் முடிக்கக்கூடியது. குடியிருப்புக்கு இதனால் பெரிய கேடு இல்லை. கடைக்கு உண்டு. ஐந்து வருஷம் என்று வாய்ப்பேச்சில் பேசி, ஷட்டருக்கும் அலமாரிக்கும் பணம் போட்ட கடைக்காரரை, பதினொரு மாதக் காகிதம் காப்பாற்றாது. ஐந்தாண்டு என்று எழுதிப் பதிவு செய்யாமல் விட்டாலும் அந்த ஐந்தாண்டு செல்லாது. மாத வாடகை என்றே கொள்ளப்படும். உரிமையாளருக்கும் இதில் நட்டம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் வாடகையை உயர்த்தலாம் என்று எழுதிய வரியை, பதிவாகாத பத்திரத்தைக் காட்டி நிலைநாட்டுவது கடினம்.

காகிதம் இல்லாததன் சிறு தொல்லை ஒன்று அண்மையில் பெரிதாகியிருக்கிறது. 2023இல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை வீட்டு மின்சாரம் இலவசம், வாடகைதாரருக்கும் உண்டு. வாடகைதாரர் தன் ஆதாரை வீட்டின் மின் இணைப்பு எண்ணான ஆர்.ஆர். நம்பரோடு இணைக்க வேண்டும் என்பதால், மைசூரு, சாமராஜநகர் மாவட்டங்களுக்கு மின்சாரம் தரும் சாமுண்டேஸ்வரி மின் நிறுவனத்தின் கணக்கில் வேறொருவர் பெயர் ஏறுவதைக் கண்டு சில உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். அந்த இணைப்பு சொத்தில் எந்த உரிமையையும் தராது. வீடு மாறும்போது இணைப்பை நீக்கவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. காலி செய்யும் நாளில் ஆதார் இணைப்பை நீக்கிக் காட்ட வேண்டும் என்று ஒரு வரியை அக்ரிமென்டில் சேர்த்தால், அடுத்து வரும் குடும்பத்துக்குத் தொல்லை இருக்காது.

4. போக்கியம்

4.1 சட்டத்தில் அது என்ன

இந்தப் பகுதியின் நிஜமான ஒப்பந்த முறை போக்கியம். உரிமையாளர் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்கிறார். இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு வாடகை இல்லாமல் வீட்டைக் கொடுக்கிறார். கெடு முடிந்ததும் பணம் திரும்புகிறது, வீடு திரும்புகிறது. வட்டிக்கு வாடகை கழிந்துவிடுகிறது. மகள் கல்யாணத்துக்கோ மேல்மாடி கட்டவோ பணம் தேவைப்படும் உரிமையாளருக்கு வங்கியில் கிடைக்காத கடன் இதில் கிடைக்கிறது. மாதா மாதம் வாடகை கொடுக்க முடியாத, ஆனால் கையில் கொஞ்சம் சேமிப்புள்ள குடும்பத்துக்குச் சேமிப்பு கரையாமல் வீடு கிடைக்கிறது. இருவருக்கும் உதவும் நேர்மையான ஏற்பாடு இது. இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சொத்து மாற்றுச் சட்டத்தின்படி இது அனுபவ அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட எந்த அனுபவ அடமானமும் இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்த பத்திரத்தாலோ, சொத்தை ஒப்படைப்பதாலோ மட்டுமே உண்டாகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்படைத்தாலே போதும் என்ற சலுகை நூறு ரூபாய்க்குக் குறைந்த கடனுக்கு மட்டும் உரியது. அதற்கு மேல் பதிவு தவிர வேறு வழி கிடையாது.

பதிவு செய்த போக்கியத்துக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு கணிசமானது. உரிமையாளர் எத்தனை ஆண்டு கழித்தும் பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம். அடமானம் எழுதி முப்பது ஆண்டு ஆனதாலேயே மீட்கும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவாக்கியது. பணம் கட்டிய நாளிலிருந்துதான் கெடு ஓடத் தொடங்கும். மறுபக்கம், பணம் கைக்கு வரும்வரை போக்கியதாரர் வீட்டை விட்டு இறங்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டை ஏலம் போடச் சொல்லி அவர் வழக்குத் தொடரவும் முடியாது. வெறும் அனுபவ அடமானத்தில் அந்த உரிமை இல்லை. வேண்டுமானால், கெடு தவறினால் பணத்தைத் தானே பொறுப்பேற்றுத் திருப்பித் தருவதாக உரிமையாளர் எழுதிக்கொடுக்கும் வரி பத்திரத்தில் இருக்க வேண்டும்.

4.2 தீர்வை

இனி இக்கட்டுரையின் மையமான கேள்வி: இத்தனை பாதுகாப்பு இருந்தும் போக்கியத்தை ஏன் பதிவு செய்வதில்லை?

கர்நாடக முத்திரைச் சட்டம், 1957, அடமானத்தை இரண்டாகப் பிரிக்கிறது. சொத்தின் அனுபவத்தைக் கைமாற்றாத அடமானத்துக்குக் கடன் தொகையில் அரை சதவீதம். அனுபவத்தோடு கொடுத்தால் விற்பனைப் பத்திரத்துக்கு உரிய விகிதம், அதாவது 5 சதவீதம். செஸ்ஸும் பதிவுக் கட்டணமும் தனி. ஐந்து லட்சம் ரூபாய்ப் போக்கியம் என்றால் தீர்வை மட்டும் 25,000. இரண்டு ஆண்டுக்குப் பிறகு வேறொரு குடும்பம் வந்தால் மறுபடியும் அதே. வீடு யாருக்கும் விற்கப்படவில்லை. பணம் முழுவதும் திரும்பத்தான் போகிறது. ஆனாலும் விற்ற அளவுக்குத் தீர்வை கட்ட வேண்டும். பெரிய நிறுவனம் தன் கட்டடத்தை வங்கியிடம் அனுபவமின்றி அடமானம் வைத்தால் பத்தில் ஒரு பங்கு விகிதம்; தலைக்கு மேல் கூரை தேடும் குடும்பத்துக்கு முழு விகிதம். இந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்தும் காரணம் எதையும் என்னால் காண முடியவில்லை.

ஆகவே இருவரும் கூடிப் பேசி, போக்கியத்தைப் பதினொரு மாத வாடகை அக்ரிமென்டாக எழுதுகிறார்கள். ஐந்து லட்சம் 'அட்வான்ஸ்' ஆகிறது. வாடகை பெயருக்கு ஒரு சின்னத் தொகை, அல்லது அதுவும் இல்லை. குறைந்த மதிப்புள்ள முத்திரைத் தாளில் காரியம் முடிகிறது.

அந்தக் காகிதம் நீதிமன்றத்துக்குப் போகும் நாளில்தான் மிச்சம் பிடித்ததன் விலை தெரிகிறது. தீர்வை குறைவான பத்திரத்தைச் சாட்சியமாக ஏற்க, குறைந்த தீர்வையோடு அதன் பத்து மடங்கு அபராதமும் கட்ட வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். கர்நாடகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், அந்தப் பத்து மடங்கைக் குறைக்கச் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. மாவட்டப் பதிவாளரிடம் பத்திரத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டால் அபராதத்தைக் குறைக்க அவருக்கு விருப்புரிமை உண்டு. ஆனால் அந்தக் கோரிக்கையைச் சரியான கட்டத்தில் வைக்க வக்கீலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஐந்து லட்சம் உதாரணத்தில், நீதிமன்றம் அதை அனுபவ அடமானம் என்று கருதினால், அபராதம் ஏறக்குறைய இரண்டரை லட்சம். கொடுத்த பணத்தில் பாதி. 'இது வெறும் வாடகைதான்' என்று ஒரு தரப்பும், 'இல்லை, அடமானம்' என்று மறு தரப்பும் வாதிடுவதிலேயே முதல் ஓராண்டு போய்விடும்.

4.3 வங்கிக்கு அடமானமான வீடு

போக்கியத்துக்கு வீடு தேடுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த வீட்டு மேலே லோன் இருக்கா?" என்பது. வங்கிக்கு அடமானம் வைத்த வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விடலாம்; ஆனால் நியாயமான வாடகைக்கு, முன்பணமாக மொத்தத் தொகை எதுவும் வாங்காமல், மூன்றாண்டுக்கு மிகாமல் என்ற நிபந்தனைகளைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு விதிக்கிறது. வேறு விதமாக வங்கியோடு எழுதிக்கொள்ளாதவரை இதுவே பொது விதி. போக்கியம் இந்த மூன்றில் முதல் இரண்டையும் மீறுகிறது. தவணை கட்டத் தவறி, 2002ஆம் ஆண்டின் சர்பேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்ற வந்தால், பதிவாகாத காகிதம் வைத்திருக்கும் குடியிருப்பாளர் ஓராண்டுக்கு மேல் பாதுகாப்புக் கோர முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சேமிப்பு முழுவதையும் கொடுத்து உள்ளே வந்த குடும்பம், வீட்டையும் இழந்து, பணத்துக்காக உரிமையாளர் மேல் தனி வழக்குப் போட வேண்டிவரும். அந்த வழக்குக்குக் கெடு பொதுவாக மூன்று ஆண்டுதான்.

வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் பதிவான அடமானம் தெரியும். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வைத்த கடன் எப்போதும் அதில் தெரிந்துவிடும் என்று நம்ப முடியாது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்ப்பதே எளிய சோதனை. ஜெராக்ஸ் மட்டும் காட்டுபவரிடம் பணம் கொடுக்கக் கூடாது.

4.4 பணம் கைமாறும் விதம்

போக்கியப் பணம் இன்னும் பெரும்பாலும் ரொக்கமாகவே போகிறது. இருபதாயிரமோ அதற்கு மேலோ கடனாகவோ வைப்பாகவோ ரொக்கத்தில் வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே கட்டுப்பாடுதான். வங்கிக் கணக்கு வழியாகப் போன பணத்துக்கு வேறு சாட்சி வேண்டாம் என்பது இதைவிடப் பெரிய காரணம்.

5. விளைநிலத்தைக் குத்தகைக்கு விடுதல்

ஊரில் நிலம், ஆள் திருப்பூரிலோ பெங்களூரிலோ. பக்கத்து நிலத்துக்காரரிடம் வாரத்துக்கோ குத்தகைக்கோ விட்டுவிட்டுப் போவது வழக்கம். வீட்டு வாடகையைப் போலவே இதையும் நினைத்துவிடுகிறார்கள். சட்டம் முற்றிலும் வேறு.

கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம், 1961, முதலமைச்சர் தேவராஜ் அர்ஸ் ஆட்சிக் காலத்தில் 1974 மார்ச் 1 முதல் அடியோடு மாற்றப்பட்டது. அன்று குத்தகையில் இருந்த நிலங்கள் அரசுக்குச் சென்றன. உழுதவர்கள் படிவம் 7இல் விண்ணப்பித்து, நிலத் தீர்ப்பாயத்தின் முன் நிரூபித்து, உரிமை பெற்றார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1979 ஜூன் 30. மாநிலத்தின் சமூக வரலாற்றில் பெருமைப்படத்தக்க மாற்றம் அது. அதன்பிறகு, படைவீரர் போன்ற சிலரைத் தவிர, விளைநிலத்தைக் குத்தகைக்கு விடுவதே தடை. 2020ஆம் ஆண்டுத் திருத்தம், விவசாயி அல்லாதவரும் நிலம் வாங்கலாம் என்று 79ஏ, 79பி பிரிவுகளை நீக்கியது. இதைக் கேட்ட பலர், குத்தகைத் தடையும் போய்விட்டது என்று எண்ணுகிறார்கள். வாங்குவதற்கான வழி திறந்ததே தவிர, குத்தகைக்கு விடுவதற்கான வழி திறக்கவில்லை.

ஆகவே இன்றைய வாய்வழிக் குத்தகையில் இருவருக்குமே பிடி கிடையாது. உழுபவருக்குப் பயிர்க்கடனும் இழப்பீடும் கிடைக்காது, ஏனெனில் பஹணியில் பெயர் இல்லை. உரிமையாளர் குத்தகைப் பாக்கிக்கு நீதிமன்றம் போனால், தடைசெய்த ஒப்பந்தத்தை அமல்படுத்தச் சொல்லிக் கேட்டவராக நிற்பார்.

இதைவிடக் கடுமையான எல்லை ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலங்களைக் காக்கும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில், கைமாற்றுதல் என்பது விற்பனையை மட்டும் குறிக்காது. அனுபவத்தோடோ இல்லாமலோ வைக்கும் அடமானம், குத்தகை, விற்பனை ஒப்பந்தம் எல்லாமே அதற்குள் அடக்கம். அரசின் முன் அனுமதியின்றிச் செய்தவை செல்லாது. நிலத்தை மீட்க விண்ணப்பிப்பதற்குக் காலவரையறை இல்லை என்று 2023ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. காட்டை ஒட்டிய பகுதிகளில் சோளிகர் போன்ற பழங்குடி மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிடைத்த நிலம் வாரிசுக்குச் செல்லும். யாருக்கும் விற்கவோ மாற்றவோ முடியாது. முதலீட்டாளர் இதைத் தனக்கு வந்த தடையாகப் பார்க்கக் கூடாது. ஏமாற்றிப் பறிக்கப்பட்ட நிலங்களின் நீண்ட வரலாறு இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று புரோக்கர் சொல்லும் நிலத்துக்கு, முதன்முதலில் அது யாருக்கு எப்படி வந்தது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

6. வாங்குகிறவரின் காகிதங்கள்

கிராமப் பஞ்சாயத்து எல்லைக்குள் வீடோ மனையோ வாங்குபவர் ஈ-ஸ்வத்து முறையில் வழங்கும் படிவம் 9, படிவம் 11 ஆகியவற்றைக் கேட்க வேண்டும். விளைநிலம் என்றால் பஹணி. அதில் ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் 11இ வரைபடம். விவசாய நிலத்தை மனையாக மாற்ற மாவட்ட ஆட்சியரின் நிலமாற்ற உத்தரவு வேண்டும். அது இல்லாமல் துண்டு போட்டு விற்கும் 'ரெவின்யூ சைட்டு' மைசூருவைச் சுற்றிலும் ஏராளம். வாங்கிய பணத்துக்கு வீடு கட்ட அனுமதியும் வங்கிக் கடனும் கிடைக்காமல் தவிப்பவர்கள் அந்தச் சைட்டுகளின் சொந்தக்காரர்கள்.

பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து 'வாங்கிய' சொத்து வாங்கியதாகாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியும் அது நடக்கிறது. காரணம் மறுபடியும் கட்டணம். மைசூரு நகரில் 50 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்குபவர் 5 சதவீதத் தீர்வை 2,50,000, அதன் மேல் செஸ் 25,000, சர்சார்ஜ் 5,000 கட்டுகிறார். பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதமாகிவிட்டதால் அது ஒரு லட்சம். மொத்தம் 3,80,000. அந்த வீடு மாதம் 10,000 வாடகை தந்தால், மூன்று ஆண்டு வாடகைக்கும் மேல் நுழையும்போதே போய்விடுகிறது. சிறு முதலீட்டாளர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் வீடு வாங்குவதா என்று முடிவு செய்ய வேண்டும். புரோக்கர் காட்டும் 'வருஷத்துக்கு இவ்வளவு' கணக்கில் இந்தத் தொகை வருவதில்லை.

மொழியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கன்னடம் சரளமாகப் பேசுபவர்களில் பலர், குறிப்பாக மூத்த பெண்கள், அதை வாசிக்கக் கற்றதில்லை. சொத்து அவர்கள் பெயரில் இருக்கிறது. மகனோ பத்திரம் எழுதுபவரோ சுட்டிய இடத்தில் கையெழுத்து விழுகிறது. பதிவுக்கு முன்பே வரைவை வாங்கி, வெளியார் ஒருவரைக் கொண்டு உரக்க வாசிக்கச் சொல்லி, நான்கு எல்லைகளும் தொகையும் கெடுவும் தமிழில் சொல்லக் கேட்டபின் கையெழுத்திடுவது அவமரியாதை ஆகாது. 'படித்துக் காட்டிப் புரியவைக்கப்பட்டது' என்ற வரி பத்திரத்தின் கடைசியில் எப்படியும் இருக்கும். அது உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

7. வரி

வாடகை வருமானத்தில் உரிமையாளர் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழிக்கலாம்; பில் தேவையில்லை. வீட்டுக்கடன் வட்டியும் கழியும். போக்கியத்தில் மாத வாடகையே இல்லையே, வரி எதற்கு என்று கேட்பார்கள். அந்த வீடு நியாயமாகப் பெறக்கூடிய வாடகையை வருமானமாகக் கொள்ள வரிச் சட்டம் இடம் தருகிறது. மாதம் 50,000க்கு மேல் வாடகை கொடுக்கும் தனிநபர் 2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும் என்ற விதி நம் உரிமையாளரைத் தொடுவது அரிது. ஆனால் உரிமையாளர் சிங்கப்பூரிலோ துபாயிலோ வாழ்பவர் என்றால், தொகை சிறிதானாலும் வரி பிடிக்கும் பொறுப்பு குடியிருப்பவர் மேல் விழுகிறது. இது தெரியாமலேயே இரு தரப்பும் ஆண்டுகளைக் கடத்துகின்றன. கடையை வாடகைக்கு எடுத்தவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராகவும் உரிமையாளர் பதிவில்லாதவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் 18 சதவீத வரியை வாடகைதாரரே அரசுக்குக் கட்ட வேண்டும். வாடகை பேசும்போதே இதைப் பேசிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

8. காலி செய்வித்தல்

வாடகை பாக்கி வைத்தவரின் மின் இணைப்பைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது, ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டு மாற்றுவது ஆகியவை உரிமையாளரின் வழக்கையே கெடுத்துவிடும். சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டவர், உரிமை யாருடையது என்ற கேள்வியே எழாமல், ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்து மறுபடி உள்ளே வரலாம் என்கிறது குறிப்பீட்டு நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. நியாயம் தன் பக்கம் இருக்கும் உரிமையாளரும் அன்று பிரதிவாதியாக நிற்க வேண்டிவரும்.

முறையான வழி பதினைந்து நாள் நோட்டீஸ், பின்பு சிவில் வழக்கு. வழக்குக் கட்டணம் முந்தைய ஓராண்டு வாடகையையும் முன்பணமாக ஏதும் வாங்கியிருந்தால் அதையும் வைத்துக் கணக்கிடப்படுவதால், அது ஏழைக்கும் எட்டக்கூடியதே. எட்டாதது காலம். வீட்டுக்காரரின் உண்மையான செலவு, வாய்தாக்களுக்காகக் கொள்ளேகாலத்துக்குப் போய்வரும் நாட்களின் கூலி. அதனால்தான் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிப்பது இன்னும் நிலைக்கிறது. அதில் தவறில்லை; பேசி முடித்ததைச் சரியான முத்திரைத் தாளில் எழுதி, பாக்கி தீர்க்கும் நாள், காலி செய்யும் நாள், அட்வான்ஸ் திரும்பும் நாள் மூன்றும் ஒரே நாளாக வரும்படி வைத்துக்கொண்டால் போதும். தகராறுகளில் பெரும்பகுதி, சாவியும் பணமும் வெவ்வேறு நாளில் கைமாறுவதால் வருகிறது. 'வெள்ளையடிக்க' என்று அட்வான்சில் பிடிக்கும் தொகையையும் ஆரம்பத்திலேயே எண்ணில் எழுத வேண்டும். குடியிருந்தவரின் கடைசி மாத நிம்மதியை அந்தத் தொகைதான் பறிக்கிறது.

9. தீர்வை விகிதத்தைப் பற்றி

இக்கட்டுரையில் கண்ட பிழைகளில் பலவற்றை விழிப்புணர்வால் திருத்த முடியும். போக்கியத் தீர்வையை அப்படித் திருத்த முடியாது. 25,000 ரூபாயைக் கட்டச் சொல்லி ஒரு குடும்பத்துக்கு எத்தனை முறை அறிவுரை சொன்னாலும் அவர்கள் கட்டப்போவதில்லை, கட்ட முடியாது. அரசுக்கும் அந்தப் பணம் வந்துசேர்வதில்லை. மிகச் சிலரே பதிவு செய்யும் ஒரு பத்திரத்துக்கு 5 சதவீதம் வைத்திருப்பதைவிட, ஒரு வரம்புக்குட்பட்ட குடியிருப்புப் போக்கியத்துக்கு, அனுபவமற்ற அடமானத்துக்கு உள்ள அதே அரை சதவீதத்தை வைத்தால், ஐந்து லட்சத்துக்கு 2,500 ரூபாய் வரும். அதைக் கட்டத் தயங்குபவர்கள் குறைவு. வில்லங்கச் சான்றில் போக்கியம் தெரியும். அடுத்து வாங்குபவரும் கடன் கொடுக்கும் வங்கியும் ஏமாற மாட்டார்கள். குடியிருப்பவர் பணம் வரும்வரை சட்டப்படி உள்ளே இருப்பார். முத்திரைச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு விதிவிலக்கு வரி சேர்த்தால் இது முடியும். 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 3,500, 2,000 வரம்புகளையும் 14 சதுர மீட்டர் வரம்பையும் மறுபடி எழுதும்போது, பெங்களூருவில் மட்டும் கேட்டு எழுதாமல், ஹனூர், கொள்ளேகாலம், நஞ்சன்கூடு போன்ற ஊர்களின் வீட்டுக்காரர்களையும் போக்கியதாரர்களையும் அழைத்துக் கேட்டு எழுத வேண்டும்.